கர்ப்பப் பரிசோதனைக்கு வந்த பதினேழு ஆண்கள்

ஜூன் 3, திங்கள்

ஜெகதீசன் சார் என் வேலையைத் திருடி நவநீத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

இன்று மதியம் இரண்டரை மணிக்கு, ஏசி சொட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன அறையில், சிரித்த முகத்தோடு சொன்னார். சீனியர் டெவலப்பர் பதவி இந்த வருஷம் நவநீத்துக்கு. எனக்கு அடுத்த தடவை பார்க்கலாம். காரணம் கேட்டேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். ஓர் அட்டவணை. போன ஒரு வருஷத்தில் லைவில் சரிசெய்த கோளாறுகள்: நவநீத் 46, பவதாரிணி 0.

பவதாரிணி நான்தான். அந்த நாற்பத்தாறில் முப்பத்தெட்டைச் சரிசெய்தவளும் நான்தான்.

எப்படி என்று எழுதி வைக்கிறேன். பின்னால் எனக்கே சந்தேகம் வரக்கூடாது. எங்கள் கம்பெனி ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிறது. பொள்ளாச்சி, தாராபுரம், உடுமலை, கோபி என்று நூற்றிப்பத்து லேப்கள். வருகிறவர் பெயரைப் பதிவது, ரத்தக் குப்பிக்கு பார்கோடு ஒட்டுவது, ரிப்போர்ட் அச்சடிப்பது, எல்லாம் எங்கள் புரோகிராம். நாங்கள் எழுதி, ஓட்டிப் பார்ப்பது ஒரு நகலில். லேப்கள் நிஜமாக ஓடும் சிஸ்டத்துக்குப் பெயர் லைவ். அதற்குள் நுழைய அனுமதி வேண்டும். சாவி என்போம். அலுவலக நேரத்துக்கு வெளியே கோளாறு வந்தால் பார்க்கவேண்டியவர்களுக்கு ஆன்-கால் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் சாவி கிடைக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களுக்கு வேலை கொடுப்பதில்லை என்பது கம்பெனிக் கொள்கை. எங்கள் பாதுகாப்புக்காக. ஆகவே பட்டியலில் பெண் கிடையாது.

ஆன்-கால் பார்ப்பவன் அவன் வீட்டில், லுங்கி கட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து பார்க்கிறான். என் வீட்டுக் கட்டிலில் என்னை என்ன வந்து கடித்துவிடும் என்று யாரும் இதுவரை சொல்லவில்லை.

ரிப்போர்ட் பகுதி முழுக்க நான் எழுதியது. அது நின்றால் நவநீத்துக்கு எங்கே கைவைப்பது என்று தெரியாது. எனக்குப் போன் செய்வான். நான் வரி வரியாகச் சொல்வேன், அவன் தட்டுவான். லேப் ஓடும். பதிவில் அவன் பெயர் ஏறும். பெரும்பாலும் ஞாயிறு காலையில். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கிறவர்கள் கூட்டம் அன்றைக்குத்தான் அதிகம்.

நவநீத் மைசூர்பா கொண்டுவந்தான். என் மேஜைக்குத்தான் முதலில் வந்தான். இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன். பசி.

ஜூன் 4, செவ்வாய்

சூலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் புளிக்குழம்பு. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 6, வியாழன்

ஆன்-கால் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கவும் என்று மெயில் போட்டேன். இரண்டே வரி. நான்கு தடவை அடித்து அடித்து எழுதினேன். ஒவ்வொரு தடவையும் "தயவுசெய்து" தானாக உள்ளே வந்து உட்கார்ந்தது. கடைசியில் அதை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

பதில் வரும்வரை தலைகளை எண்ணினேன். எங்கள் மாடியில் புரோகிராமர் வரிசையில் இருபத்திரண்டு பேர். பெண் நான் ஒருத்தி. எதிர் வரிசை டெஸ்டிங், நாங்கள் எழுதுவதில் தப்புக் கண்டுபிடிக்கிறவர்கள். பதினோரு பேரில் ஒன்பது பெண்கள். என் காலேஜ் வகுப்பில் அறுபது பேர் இருந்தோம், முப்பத்து நான்கு பேர் பெண்கள். முதல் ஐந்து ரேங்கில் நான்கு பேர் நாங்கள். அந்த முப்பத்து நான்கு பேரும் எங்கே போனார்கள் என்று செய்தித்தாளில் அவ்வப்போது கவலைப்பட்டு எழுதுகிறார்கள். எதிர் வரிசையில் வந்து பார்த்தால் தெரியும். அங்கே நன்றாக வெளிச்சம் இருக்கிறது. ஏசியும் சொட்டுவதில்லை.

ஜூன் 7, வெள்ளி

மனிதவளப் பிரிவு ஷெரின் கூப்பிட்டாள். என் வயதுதான் இருக்கும், எல்லோருக்கும் மேடம். பெண்களையும் பட்டியலில் சேர்க்கக் கொள்கையில் இடம் இருக்கிறதாம். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையாம். ஒரு படிவம் கொடுத்தாள். பெயர், எண், முகவரி, ரத்த வகை. கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொரு கோடு: பெண் ஊழியர் எனில் தந்தை அல்லது கணவர் ஒப்புதல்.

நவநீத்துக்கு யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டேன். அவருக்கு இந்தப் படிவமே இல்லையே என்றாள். உண்மையாகவே புரியாமல் சொன்னாள்.

ஜூன் 9, ஞாயிறு

ஆறு மணிக்கே தலைக்குக் குளித்துவிட்டு நோட்டும் பேனாவுமாக ஹாலில் உட்கார்ந்தேன். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று அம்மா கேட்டாள். வெயில் என்றேன். போன் வரவில்லை. எட்டு மணிக்கு எடுத்து, சத்தம் முழுசாக வைத்திருக்கிறேனா என்று பார்த்தேன். வைத்திருந்தேன். கோளாறு இல்லை என்றால் நல்லதுதான். நான் எழுதியது நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம்.

பிறகு மாவு ஆட்டினேன். ஹாலில் படிவம் கிடந்ததை அப்பா எடுத்துப் படித்துவிட்டார். அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். எதைக் கொடுத்தாலும் கடைசி எழுத்துவரை படிப்பார். படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

"ஒரு கையெழுத்துத்தானே கண்ணு. இதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சுக்கற? நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்?"

அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன். பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் என்ன சொல்வது? எனக்கு இருபத்தாறு வயது அப்பா என்றேன். அது எனக்குத் தெரியாதா, நான்தானே உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்தேன் என்றார். படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கினேன். கொஞ்சம் பிடுங்கினேன் என்றே சொல்லலாம். அவர் முகம் சின்னதாகிவிட்டது.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அங்கிருந்தே கேட்டாள்.

"இன்னிக்கு நீங்க போடறீங்க. நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா எவன் போடுவானோ, மாட்டானோ. அப்ப வேலை என்னாகுமுங்க?"

அப்பா பேனாவை மூடி சட்டைப்பையில் குத்திக்கொண்டார். ராத்திரிக்கு அந்த மாவிலேயே தோசை ஊற்றினேன். தோசை நன்றாக வந்திருந்தது.

ஜூன் 10, திங்கள்

முதல் கோட்டில் மட்டும் கையெழுத்துப் போட்டுப் படிவத்தைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஷெரின் திருப்பி அனுப்பிவிட்டாள். இரண்டாவது கோட்டின் பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள், நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைத்து.

ஸ்டிக்கரை எடுத்துவிட்டு அப்படியே மறுபடி கொடுத்தேன்.

ஜூன் 13, வியாழன்

மதியம் சுபத்ரா அக்காவோடு சாப்பிட்டேன். டெஸ்டிங்கில் இருக்கிறார். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். பார்கோடு பகுதியை ஆரம்பத்தில் எழுதியவர் இவர்தான். நாங்கள் இன்னும் அதைத்தான் ஓட்டுகிறோம். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது அவருடைய நாற்காலி எதிர் வரிசைக்குப் போயிருந்தது. கொஞ்ச நாளைக்கு என்றார்களாம். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

அட்டவணையைப் பற்றிச் சொன்னேன். 46, 0. அவர் எலுமிச்சைச் சாதத்தில் கடுகை ஒதுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன்.

"உனக்கு முன்னாடி அந்தப் போன் எனக்குத்தான் வந்துட்டிருந்துச்சு பவா. குழந்தைக்குப் பால் குடுத்துட்டே சொல்லியிருக்கேன். அந்தப் பக்கம் உக்காந்து தட்டுனது யாருன்னு நினைக்கற? உங்க ஜெகதீசன் சாருதான். நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் சீனியர் ஆனது அப்படித்தான்."

அவர் என் டிபன் பாக்ஸிலிருந்து கோவைக்காய்ப் பொரியலை எடுத்துக்கொண்டார். பிறகு, ரொம்ப சாதாரணமாக, போன ஜனவரியில் புரோகிராம் எழுதத் திரும்பி வருகிறேன் என்று தான் கேட்டதாகவும், பவதாரிணிக்கு ஆள் வேண்டாமாம் என்று சார் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. உனக்கு உதவிக்கு ஆள் வேணுமா என்று சார் கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவ்வளவுதான். யார் வரப்போகிறார் என்று அவர் சொன்னாரா? சொன்னார். ஆனால் அதை வேறு மாதிரி சொன்னார். இந்த டீமுக்கு ஒரு லேடி போதும் இல்லையா என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கோவைக்காய் முழுவதையும் அக்காவுக்கே கொடுத்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

5.50க்குப் போன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். பக்கத்தில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை போட்ட புது வெர்ஷனுக்குப் பிறகு சில ரிப்போர்ட் அச்சாகவில்லை என்றான் நவநீத். தூக்கக் குரல். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பார்த்ததும் என்று எழுதிவிட்டேன். நான் எதையும் பார்ப்பதில்லை. அவன் படித்துச் சொல்வதைக் கேட்கிறேன். சில பதிவுகளில் ஆணா பெண்ணா என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அது காலியாக இருந்தால் என் புரோகிராம் ரிப்போர்ட்டை நிறுத்திவிடும், ஏனென்றால் ரத்தத்தில் எது எவ்வளவு இருக்கவேண்டும் என்ற அளவு ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு.

காலியான கட்டங்களைப் பதிவுச் சீட்டிலிருந்து எடுத்து நிரப்பவேண்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஆளின் பதிவில் மட்டும் 'ஆண்' என்று போட்டு, அச்சாகிறதா என்று பார்க்கச் சொன்னேன். எப்போதும் அப்படித்தான் செய்வோம். இன்னொரு போனில் உடுமலைக்காரர்கள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எழுதிவிட்டேன், படிக்கட்டுமா என்றான். வேண்டாம், தட்டு என்றேன்.

அந்த ஒரு ஆளின் எண்ணைச் சொல்லும் வரியை அவன் விட்டுவிட்டான்.

ஒரு நொடியில் நூற்றிப்பத்து லேப்களிலும் இதுவரை பதிவான ஒவ்வொரு மனிதரும் ஆண் ஆகிவிட்டார்கள். ஆறு லட்சத்துச் சொச்சம் பேர். தாராபுரம் லேப்பில் ரத்தம் எடுக்கும் மும்தாஜ்தான் முதலில் கண்டுபிடித்து எனக்குப் போன் செய்தது. எதையும் மறைக்காமல் கேட்கிற பெண். "ஏக்கா, நேத்துக் கர்ப்பப் பரிசோதனைக்கு வந்தவங்க பதினேழு பேரு ரிப்போர்ட் வாங்க நிக்கிறாங்க, எல்லாரையும் ஆம்பளைங்குது உங்க கம்ப்யூட்டர். நான் என்னன்னு சொல்லட்டும் இவங்ககிட்ட?" பின்னால் பல பெண்கள் சிரிப்பது கேட்டது.

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு, ரத்தம் நன்றாக இருக்கிற எத்தனை பெண்களுக்கு இந்த நேரத்தில் ஆணுக்கான அளவை வைத்து ரத்தசோகை என்று அச்சாகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. எல்லா லேப்பிலும் அச்சை நிறுத்தச் சொன்னேன். அதிகாலை நான்கு மணிக்குத் தானாக எடுத்து வைக்கும் காப்பு நகலிலிருந்து பழையபடி மீட்பது எப்படி என்று நவநீத்துக்குச் சொன்னேன். மூச்சை இழுத்துவிட்டு மெதுவாகத் தட்டு என்றேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பதினோரு மணிக்கு எல்லாம் சரியானது. தப்பாகப் போன ரிப்போர்ட் மொத்தம் நாற்பத்து மூன்று. மும்தாஜும் மற்ற லேப்களின் பெண்களும் வீடுவீடாகப் போன் செய்து திரும்ப வாங்கினார்கள்.

படிக்கட்டுமா என்று அவன் கேட்டதையும், வேண்டாம் என்று நான் சொன்னதையும் ஒளிக்கப்போவதில்லை. திரை என் முன்னால் இருந்திருந்தால் விட்டுப்போன வரி எனக்குத் தெரிந்திருக்கும். இதுவும் உண்மை.

ஜூன் 17, திங்கள்

மாடி முழுக்க ஒரே ஜோக். ஆண்களுக்கு மசக்கை, ஆண்களுக்கு வளைகாப்பு. யாரோ நவநீத்தின் மேஜையில் கண்ணாடி வளையல் வைத்துவிட்டார்கள். ஆணைக் கேவலப்படுத்தவும் இவர்களுக்கு வளையல்தான் கிடைக்கிறது.

வளையலை எடுத்து நான் போட்டுக்கொண்டேன். பச்சை. என் அளவுதான்.

ஜூன் 18, செவ்வாய்

துணி துவைத்தேன். போன் எதுவும் இல்லை.

ஜூன் 19, புதன்

விசாரணை. அறையில் ஜெகதீசன் சார், ஷெரின், நவநீத், நான். கோளாறு எதனால் வந்தது என்று ஓர் அறிக்கை தயாராக இருந்தது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் காரணம்: லைவ் அனுமதி இல்லாத ஊழியர் பவதாரிணி, போன் வழியாக அளித்த வாய்மொழி அறிவுறுத்தல்.

நான்கு வருஷம் ஆயிற்று இந்தக் கம்பெனிக்கு வந்து. லைவ் பற்றிய ஒரு காகிதத்தில் என் பெயர் வருவது இதுதான் முதல் தடவை.

நானும் ஒரு காகிதம் கொண்டு போயிருந்தேன். போன் பதிவிலிருந்து எடுத்தது. தேதி, நேரம், என்ன கோளாறு, என்ன சொன்னேன். முப்பத்தெட்டும் வரிசையாக. மேஜைமேல் வைத்தேன். ஷெரின் எடுத்துப் படித்தாள். உண்மையிலேயே படித்தாள்; விரலை வைத்து ஒவ்வொரு வரியாக. ஜெகதீசன் சார் தொடவில்லை.

"இதையெல்லாம் செய்யச் சொல்லி உன்னை யாரும்மா கேட்டாங்க?"

நான் நவநீத்தைப் பார்த்தேன். அவன் தண்ணீர் பாட்டிலின் லேபிளை உரித்துக்கொண்டிருந்தான். முழுசாக, கிழியாமல் உரித்துவிட்டான். நல்ல பொறுமை.

சார் மறுபடி கேட்டார். கம்பெனி கேட்டதா, நான் கேட்டேனா, வேலை நேரத்துக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில், நீ எதற்கு இதைச் செய்தாய்? எனக்குப் பதில் தெரியும். அந்த அறையில் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அதற்குப் பதிலாக, சுபத்ரா அக்கா உங்களுக்கு எதற்காகச் செய்தாரோ அதற்காகத்தான் சார் என்றேன்.

அவர் முகம் மாறவே இல்லை. காதுகள் மட்டும் சிவந்தன. ஷெரின் காகிதத்திலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கூட்டம் முடிந்தது என்றார்.

பஸ்ஸில் வரும்போது நவநீத்திடமிருந்து மெசேஜ். ஸாரி பவா, நான் பேசியிருக்கணும். ஆமாம் என்று பதில் போட்டேன். வீட்டுக்கு வந்து அந்த ஆமாமை அழிக்க முடியுமா என்று பார்த்தேன். நேரம் கடந்துவிட்டது. நல்லதுதான்.

ஜூன் 21, வெள்ளி

புது உத்தரவு. லைவ் அனுமதி இல்லாதவர்கள் லைவ் சம்பந்தமாக நேரிலோ போனிலோ எந்த ஆலோசனையும் சொல்லக்கூடாது, மீறினால் நடவடிக்கை. பொதுவான உத்தரவு என்றார்கள். கையெழுத்து வாங்கியது என்னிடமும் டெஸ்டிங்கில் ஒன்பது பெண்களிடமும்தான்.

நான் மறுப்பேன் என்று சார் எதிர்பார்த்திருக்கவேண்டும். ஏதோ சமாதானம் சொல்லத் தயாராக வந்திருந்தார். நான் நின்றுகொண்டே போட்டேன். ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதற்கு அப்பா கையெழுத்து வேண்டாமா என்று ஷெரினிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம் என்றாள். கொஞ்சம் பொறுத்து, அந்தக் கோட்டைப் படிவத்தில் போடச் சொன்னது யார் என்று பழைய கோப்புகளில் தேடிப் பார்த்ததாகவும், சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை என்றும், மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருப்பதாகவும் மெதுவாகச் சொன்னாள். பதில் வந்ததா என்றேன். இன்னும் இல்லை.

சாயங்காலம் கீழே டீக்கடையில் சுபத்ரா அக்காவிடம் ஜனவரி விஷயத்தைச் சொன்னேன். சார் சிரித்ததை, நான் சிரித்ததை. அக்கா டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "தெரியும்டி" என்றார். "இருக்கறது ஒரு நாற்காலின்னு நம்ப வச்சுட்டான். நானா இருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டேன்." டீக்குச் சர்க்கரை அதிகம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். எனக்கு அழுகை வந்ததை எழுதத் தேவையில்லை.

ஜூன் 23, ஞாயிறு

விஷயம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதுகிறேன். கையெழுத்து மோசமாக இருந்தால் காரணம் அதுதான்.

5.55. நவநீத். எல்லா லேப்பிலும் பார்கோடு நின்றுவிட்டது. குப்பிக்கு எண் விழவில்லை. எண் இல்லாமல் எந்தக் குப்பியும் மெஷினுக்குள் போகாது. உத்தரவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எதுவும் சொல்லக்கூடாது என்றேன். விளையாடாதே பவா என்றான். விளையாடவில்லை என்றேன். கடைசியாக விழுந்த எண்ணில் எல்லா இலக்கமும் ஒன்பதாக நிற்கிறதா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. எனக்காக இல்லை என்றாலும் லேப்பில் நிற்கிறவர்களுக்காக என்றான். போன் வைத்துவிட்டான்.

6.10. லேப்பில் நிற்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? தாராபுரத்துக்கு நானே போன் போட்டேன். மும்தாஜிடம், யாரையும் திருப்பி அனுப்பவேண்டாம், ரத்தத்தை எடுத்துக்கொண்டு குப்பியில் மார்க்கரால் பெயர், வயது, நேரம் எழுது, சாப்பிட அனுப்பிவிடு, எண் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்றேன். எல்லா லேப்புக்கும் இதைச் சொல்லச் சொன்னேன். இது லைவ் இல்லை. மார்க்கருக்குச் சாவி தேவையில்லை. நாலு மணி நேரம் தாங்கும் என்றாள் மும்தாஜ். அதற்குமேல் வைத்தால் ரத்தம் கெட்டுவிடும், மறுபடி குத்தவேண்டும்.

ஆகவே பத்து மணி வரை நேரம் இருக்கிறது. எனக்கும் அவர்களுக்கும்.

6.25. சுபத்ரா அக்கா. சிரித்துக்கொண்டே பேசினார். ஜெகதீசன் அவருக்குப் போன் செய்தானாம். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே குரலில், சுபா ஒரு சின்ன ஹெல்ப் என்றானாம். நான் நினைத்தது சரிதான்: எண்ணுக்கு ஆறு இலக்கம்தான் இடம், அது தீர்ந்துவிட்டது. "நான் எழுதறப்ப மொத்தமே பத்து லேப்புடி. மூணு வரி மாத்தணும், அவ்வளவுதான்." அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன், பவாகிட்ட கேளு என்று வைத்துவிட்டாராம். குழந்தைகளுக்குப் பூரி போடப்போகிறேன், உனக்கு என்ன வேண்டுமோ நீ கேள் என்றார். நமக்கு என்று சொல்லுங்கள் அக்கா என்றேன். சரி, நமக்கு என்றார்.

6.40. அப்பா எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எதுவும் கேட்கவில்லை. அம்மா டீ வைத்துவிட்டுப் போனாள். அப்பா என் டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

6.48. ஜெகதீசன் சார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

முதலில் கோபப்பட்டார். பிறகு, நோயாளிகளோடு விளையாடாதே என்றார். குப்பிகள் பத்திரமாக இருக்கின்றன, பத்து மணி வரை தாங்கும் என்றேன். அது அவருக்குத் தெரியாது. பிறகு என்னை 'அம்மா' போட்டுப் பேசினார். நீ என் தங்கச்சி மாதிரி. அடுத்த வருஷம் சீனியர் பதவி உனக்குத்தான், நான் வாக்குக் கொடுக்கிறேன், இப்போது அந்த மூன்று வரியை மட்டும் சொல்லும்மா, நவநீத் லைனில் இருக்கிறான். மூன்று வரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? சுபத்ரா அக்கா சொல்லியிருப்பார். எத்தனை என்று மட்டும் சொல்லி, என்ன என்று சொல்லாமல்.

பேசி முடிக்க விட்டேன். அப்பா டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆன்-கால் பட்டியல்ல ரெண்டு பேரு சார். பவதாரிணி, சுபத்ரா. எங்க கையெழுத்து மட்டும், வேற யாரோடதும் வேண்டாம். ஷெரினுக்கு ஒரு மெயில் போடுங்க, ரெண்டு சாவி அனுப்புங்க. எங்க பேர்ல நாங்களே உள்ள போய் பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறோம்."

நவநீத் தொண்டையைச் செருமுவது கேட்டது. சார், போட்டுடலாம் சார் என்றான். அவனாகச் சொன்னான்.

7.02. லைன் இன்னும் அறுபடவில்லை. சார் வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது. யாரோ அடுப்பை அணைத்துவிட்டார்கள். சார் மூச்சு விடுவது நன்றாகக் கேட்கிறது.

7.09. "சார், லைன்லதான இருக்கீங்க? எங்க ரெண்டு பேரையும் போடுங்க."

7.15. "போடுங்க சார்."